ஐந்து வோல்ட்

கருகிய டிரோனை மேசைமேல் வைத்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றார் சிங்காரவேலன். பிரெஞ்சு ராணுவத்தில் ரேடியோப் பிரிவில் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். இந்த மாதத்தில் அவர் இப்படி வருவது மூன்றாவது தடவை.

திருமலைராயன்பட்டினத்துக் கடைத்தெருவில் டிரோன் பழுது பார்ப்பவன் கபீர் ஒருவன்தான். மனைவி சுஹைனா இறந்ததிலிருந்து கடையே கதியென்று கிடந்தான். வருகிறவர்களுக்கு ஒரு தலையசைப்பு, டீக்கடைக்காரருக்கு ‘ஒரு டீ’ என்று ஒரு விரல். வீட்டுக்குப் போனால் அதுவும் தேவைப்படாது.

டிரோனைத் திறந்து பார்த்தான். ரிசீவரின் சிவப்பு வயர் மறுபடியும் நேராகப் பேட்டரிக்குப் போயிருந்தது. அவனுக்குப் பொறுக்கவில்லை.

இறக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பித்தான். பேட்டரி பன்னிரண்டு வோல்ட், ரிசீவர் தாங்குவது ஐந்துதான், அதை நடுவிலிருக்கும் ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினான். முதன்முதலில் கரண்ட் கொடுக்கும்போது நடுவில் ஒரு கார் பல்பை இணைத்துவிட்டால், எங்காவது ஷார்ட் இருந்தாலும் பல்புதான் எரியும், போர்டு தப்பிக்கும் என்றான். அந்தப் பல்பைக் கண்டாலே சுஹைனாவுக்குச் சிரிப்பு வரும் என்றுகூடச் சொன்னான்.

பெரியவர் ஒவ்வொன்றுக்கும் சந்தேகம் கேட்டார். பேசி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

வயரைப் பிரிக்கும்போதுதான் கவனித்தான். பற்றவைத்திருந்த ஈயம் வயரோடு வழுவழுவென்று படிந்து பளபளத்தது. விஷயம் தெரியாத கை இப்படிப் பற்றவைக்காது.

பாவம், பேச்சுத்துணைக்கு ஏங்கித்தான் இந்த வேலை செய்கிறார் என்று பட்டது. ஆளில்லாத வீடு எப்படி இருக்கும் என்று கபீருக்குத் தெரியும்.

“சார், வேணும்னேதானே கருக்குறீங்க?”

சிங்காரவேலன் தலையைக் குனிந்துகொண்டார். “மொத தடவ தெரியாமத்தான் தம்பி.”

“இனிமே பொருளக் கெடுக்காதீங்க. வீட்ல தனியா இருக்க முடியலன்னா சும்மாவே வந்து ஒக்காருங்க.”

“எனக்கென்ன தம்பி, மகன், மருமக, பேரப்புள்ளைங்கன்னு வீடு நெறைய ஆளு. சும்மா வந்தும் பாத்தேன், தலையத்தான் ஆட்டுனீங்க.”

அவர் டிரோனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நீங்க வாயத் தொறக்குறது இதுக்கு மட்டுந்தானே.”