நேர்மையான ரசிகன்

“‘இந்த எபிசோடைக் கெடுத்ததே அந்தப் பக்கத்து வீட்டம்மாதான். நடிக்கத் தெரியாதவங்களை எல்லாம் யார் கூப்பிட்டாங்க?’”

போனில் இருந்ததை வாசித்துவிட்டு மகள் நிமிர்ந்தாள். வேலையிலிருந்து வந்தவள், தோளில் மாட்டிய பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

“மறுபடியும் வந்துட்டான்பா. பேரு வேற, நேர்மையான ரசிகனாம். நேர்மைக்கு வந்த கேடு.”

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவன் திட்டியிருந்த பக்கத்து வீட்டம்மா வேறு யாருமில்லை, அவளுடைய அம்மாதான்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் வாராவாரம் ஊரையே டி.வி. முன்னால் உட்காரவைத்த காமெடித் தொடர் அது. அம்மா அதில் நடிகை இல்லை. நடிகர்களுக்கு உடை தைக்கும் தையல்காரி. ஒருநாள் நடிக்க வேண்டியவர் வரவில்லை. கழுத்தில் அளவு நாடாவோடு நின்றவளை, “நீங்களே வந்துட்டுப் போயிடுங்கம்மா” என்று டைரக்டர் உள்ளே தள்ளிவிட்டார்.

நாலு நிமிஷக் காட்சி. இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தர வருகிறாள் பக்கத்து வீட்டம்மா. மறுபடியும் இரவல் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்த வீட்டுக்காரர், அவளை வாயே திறக்க விடாமல் வாளி, ஏணி, இஸ்திரிப் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கையில் திணிக்கிறார். கடைசியில் அத்தனையையும், கொண்டுவந்த குடையையும் சுமந்துகொண்டு வந்த வழியே போகிறாள்.

அதோடு சரி. அதற்கப்புறம் அம்மா திரையில் வரவே இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் யாரோ அந்தத் தொடரை இணையத்தில் ஏற்றினார்கள். முழங்கால் ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடந்த அம்மா, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, பார்த்தவர்கள் எழுதிய கருத்துகளைத் தேடித் தேடிப் படித்தாள். கதாநாயகனைப் பற்றி இருந்தது. வீட்டுக்காரரைப் பற்றி இருந்தது. சுவரில் தொங்கிய காலண்டரைப் பற்றிக்கூட ஒருவர் எழுதியிருந்தார்.

“நாலு நிமிஷம் வந்தவளை யாருக்கு ஞாபகம் இருக்கும்” என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். நடக்கச் சொன்னாலும், நடந்து எங்கே போகப்போறேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அப்போதுதான் இந்த நேர்மையான ரசிகன் வந்து சேர்ந்தான்.

அவன் எழுதியதைப் படித்த அன்று அம்மா சாப்பிடவில்லை. மறுநாள் பார்த்தால், அவன் வார்த்தைக்குக் கீழே பெரிய சண்டையே நடந்துகொண்டிருந்தது.

‘யோவ், ஏணியை வாங்கிக்கிட்டு அவங்க முழிச்ச முழி ஒண்ணு போதாதா?’

‘எங்க வீட்ல இன்னும் குடைன்னு சொன்னாலே சிரிப்போம்.’

‘இந்தம்மா இப்ப எங்க இருக்காங்களோ, நல்லா இருக்கணும்.’

அவனும் விடவில்லை. வாரத்துக்கு ஒருதரம் வந்து, ‘வாளி பிடிக்கக்கூடத் தெரியல’ என்று ஏதாவது கொளுத்திப் போட்டுவிட்டுப் போவான். ஐம்பது பேர் அவன்மேல் பாய்வார்கள்.

அம்மா எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்து உரக்கப் படிப்பாள். படித்து முடித்ததும் அவனுக்கும் ஒரு வார்த்தை உண்டு.

“இவனுக்கு வாக்கப்பட்டவ என்ன பாவம் பண்ணாளோ.”

“விடு” என்பார் அப்பா, தட்டைப் பார்த்தபடி. “அவனுக்கு என்ன கஷ்டமோ.”

மகளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர், பேச்சு குறைவுதான். அதற்காக இப்படியா?

“கட்டின பொண்டாட்டியை எவனோ ஒருத்தன் வாய்க்கு வந்தபடி பேசறான். உங்களுக்கு ரத்தமே கொதிக்காதாப்பா?”

“ஊர் வாயை மூட முடியுமாம்மா.”

“நான் மூடறேன். ஆபீஸ்ல எல்லாரையும் இவன்மேல புகார் கொடுக்கச் சொல்லிட்டேன். நிறைய பேர் கொடுத்தா ஆளைத் தூக்கிடுவாங்க. உங்க போனையும் கொடுங்க.”

“அதுல சார்ஜ் இல்லம்மா.”

மேஜைமேல் கிடந்த போனை அவளே எடுத்தாள். எண்பது சதவீதம் இருந்தது. அந்த எபிசோடைத் திறந்து கீழே போனாள். கருத்து எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில், அந்தப் போனுக்குரியவரின் பெயர் இருந்தது.

நேர்மையான ரசிகன்.

“அப்பா...”

அப்பா எழுந்துபோய் உள்ளறைக் கதவை மெதுவாகச் சாத்தினார். உள்ளே அம்மா கைத்தடியை ஊன்றி, கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

“நீங்களா? அன்னிக்கு அம்மா சாப்பிடக்கூட இல்ல, தெரியுமா?”

“நானுந்தான் சாப்பிடல.”

“அப்புறம் ஏம்பா?”

அவர் போனை வாங்கி, அடி ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டே போய்க் காட்டினார். ‘பக்கத்து வீட்டம்மா நடிப்பு அருமை.’ ‘பக்கத்து வீட்டம்மா இன்னும் நாலு வாரம் வந்திருக்கலாம்.’ எல்லாம் அதே நேர்மையான ரசிகன் எழுதியவை. ஒன்றுக்கும் பதிலே இல்லை.

“நேர்ல சொன்னா, கட்டினவர் வேற எப்படிச் சொல்வாருன்னுவா. அதான் இதுல எழுதினேன். நல்லா இருக்குன்னு பதினோரு தடவை எழுதினேன்மா, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல, உங்கம்மா கண்ணுலயும் படல. பன்னிரண்டாவது தடவை திட்டிப் பார்த்தேன். ஊரே திரண்டு வந்து அவளைத் தூக்கிவச்சுக் கொண்டாடுது.”