கன்னத்தில் பவுடர்

பெருநாளுக்கு முந்தின பிற்பகல். பாரே ஊரில், ஆங்கிலம் படிக்க வந்தவர்கள் தங்கும் விடுதியில் இருபது கட்டில்களில் பத்தொன்பது காலியாகக் கிடக்கின்றன. ஹுஸ்னியா மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பழைய பாடத்தாளில் வினைச்சொற்களைத் தேடித் தேடிப் பென்சிலால் அடிக்கோடிடுகிறாள். சுவரில் ஒட்டிய பட்டியலில் ஒவ்வொரு வினைக்கும் மூன்று வடிவம்; தோழிகள் இருந்தால் கைதட்டிக் கத்தி ஒப்பிப்பார்கள். இப்போது அதன் மேல் வெயில் சாய்ந்து கிடக்கிறது. மூன்றாவது முறையும் தேர்வில் தவறியதை அவள் தன் சொந்தத் தீவான லொம்போக்கில் யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து தேங்காய்ப்பாலில் கோழி கொதிக்கும் வாசனை வந்து நோன்பு வயிற்றைக் கிள்ளுகிறது. கதவருகே முக்காலியில் ஒரு பவுடர் டப்பா. விடுதிக்குள் யாராவது ஊர்மொழி பேசிவிட்டால் மற்றவர்கள் ஓடிவந்து கன்னத்தில் அப்புவார்கள். அது இங்கே சட்டம்.

போன் அடிக்கிறது. அம்மா.

"எல்லாரும் வந்தாச்சு, நீதான்டி பாக்கி. அங்க தனியாவா கெடக்கே?"

"தனியாவா? இங்க ஒரே கூத்தும்மா, காது கிழியுது," என்று ஊர்மொழியிலேயே சொல்லிச் சிரிக்கிறாள்.

"ஒரு சத்தத்தையும் காணோமே?"

"இப்பதான் படிக்க உக்காந்திருக்குதுங்க."

போனை வைக்கிறாள். மற்றவர்கள் ஊருக்குப் போன இந்த எட்டு நாளில் அவள் வாய் திறந்து பேசியது இதுதான். எழுந்துபோய், டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கொட்டி, இரண்டு கன்னத்திலும் தானே அப்பிக்கொள்கிறாள். பிறகு, யாராவது சிரிக்கட்டும் என்பதுபோல, கட்டில்களின் பக்கம் திரும்பி நிற்கிறாள்.