செயலாளர் வீட்டுப் புல்

சிட்லபாக்கத்தில் மழை பெய்து ஏழு மாதமாகிறது. காலனிச் சங்கத்தின் செயலாளர் ஜீவரத்தினம், மத்தியான வெயிலில், தன் வீட்டுப் புல்தரைக்குத் தண்ணீர் விடுகிறார். சத்தம் வராதபடி ரப்பர் குழாயின் வாயைப் புல்லோடு அழுத்திப் பிடித்திருக்கிறார். நாளை மாலை இங்கேதான் மகளின் கல்யாண விருந்து. புல்லுக்கும் செடிக்கும் தண்ணீர் கூடாது, பொதுத் தொட்டியிலிருந்து வீட்டுக்கு நாலே குடம் என்று நோட்டீஸ் எழுதி ஒட்டியவர் அவர்தான். தொட்டியின் சாவியும் அவரிடம்தான். தூரத்தில் தாம்பரம் ரயில் கூவுவதைத் தவிரத் தெருவில் அரவமே இல்லை. திடீரென்று கேட் கிரீச்சிடுகிறது. குழாயைக் குரோட்டன்ஸ் செடிக்குப் பின்னால் தள்ளுகிறார். எதிர்வீட்டு அங்காளம்மாள் இடுப்பில் நிறைகுடத்தோடு உள்ளே வருகிறாள். நோட்டீஸைப் பார்த்த அன்றே தன் மல்லிகைப் பந்தலைக் காயவிட்டவள் அவள். "சார், நாளைக்கு கல்யாண வூடு, தண்ணி பத்தாதே. எங்க நாலு கொடத்துல ஒண்ணு மிச்சம் புடிச்சு கொணாந்தேன்." "எதுக்கும்மா இதெல்லாம்..." என்கிறார். அவள் புல்லில் கால் வைக்கிறாள். விரலிடுக்கில் சேறு பிதுங்குகிறது. செடிக்குப் பின்னால் தண்ணீர் இன்னும் சலசலத்துக்கொண்டிருக்கிறது. "எங்க சார் ஊத்தட்டும்?" என்று கேட்கிறாள், ஈரப் புல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.