கழுத்தில் கிடப்பதே தெரியாமல்

"கழுத்துல கிடக்கிறதே தெரியக் கூடாது தம்பி. அந்த மாதிரி கேமரா பெல்ட் இருக்கா?"

கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகு அந்தக் கேமராக் கடைக்குள் கால் வைப்பவர்கள் மழைக்கு ஒதுங்குகிறவர்கள்தான். மழை பெய்தும் மாதக் கணக்காகிறது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் வாய் திறந்து பேசிய ஒரே ஆள், மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்.

வந்தவருக்கு எழுபது இருக்கும். நெடுநெடுவென்று உயரம். வெள்ளைச் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. நம்மைப் போலத் தனிக்கட்டை என்று கடைக்காரர் பார்வையிலேயே எடை போட்டுவிட்டார். நாலு தலைமுறையாகப் பேரம் பேசியே வளர்ந்த குடும்பம். ஆள் வாசற்படி ஏறும் தினுசிலேயே வாங்குகிறவரா, வேடிக்கை பார்க்கிறவரா என்று சொல்லிவிடுவார். இவர் வாங்குகிறவர்.

பெரியவர் விஷயத்தைச் சொன்னார். பழைய வார் மெல்லிய நைலானாம். கழுத்தை அறுக்கும், வியர்த்தால் அரிக்கும். முந்தாநாள் அரிப்புத் தாங்காமல் கழற்றி, கேமராவோடு பஸ் நிலைய பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனதில் வந்தது வினை.

"நாலு மணி நேரம் தெருத் தெருவா அலைஞ்சேன் தம்பி. இன்னொரு தடவை அப்படித் தேடறதுக்குக் கால்லயும் தெம்பில்ல, நெஞ்சுலயும் தெம்பில்ல."

கடைக்காரர் முதலில் தோல் வாரை எடுத்து நீட்டினார். கல்யாண மாப்பிள்ளை போட்டுக்கொள்ளலாம், அவ்வளவு கம்பீரம் என்றார். பெரியவர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சூடு பிடிக்கும் என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்தது, உள்ளே ஸ்பாஞ்சு வைத்த அகல வார். பெரியவர் துணிப்பையிலிருந்து கேமராவை எடுத்து அதில் தானே கோத்து மாட்டிக்கொள்ள, அஞ்சு நிமிஷம் நடந்து பாருங்கள், கழுத்தே தீர்ப்புச் சொல்லிவிடும் என்றார் கடைக்காரர்.

பெரியவர் கால் மணி நேரம் நடந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், முக்காலியில் உட்கார்ந்து எழுந்தார், தலை வாருகிற மாதிரி கையைத் தூக்கிப் பார்த்தார். கடைக்காரர் அவசரப்படுத்தவில்லை. கடைக்குள் இன்னொரு ஜோடிக் கால்களின் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று.

அதற்குப் பிறகுதான் வில்லங்கம். நீளத்தை நாலு விரல் குறைக்கச் சொன்னார் பெரியவர். உங்கள் உயரத்துக்குக் கேமரா தாடையில் இடிக்கும் என்றார் கடைக்காரர். இடிக்கட்டும் என்று பதில் வந்தது. அடுத்து, கொக்கி முன்னால் இருக்கக் கூடாது, பிடரிக்குப் பின்னால் போக வேண்டும் என்றார்.

"சட்டுனு கழட்ட முடியாதே ஐயா?"

"கழட்ட முடியாமதான் இருக்கணும்."

"நீங்க கேக்கறது பெல்ட்டா, விலங்கா?"

பெரியவர் சிரிக்கவில்லை. என்ன நிறம் இருக்கிறது என்று கேட்டார்.

உலகமே வாங்குவது கறுப்பு. இவரோ, மூன்று வருஷமாக விற்காமல் கிடந்த ஆரஞ்சு நிறத்தைத் தொட்டார். தொட்டதோடு விடாமல், அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய் நிற்க முடியுமா என்று கடைக்காரரையே கேட்டார். கல்லாவை முன்பின் தெரியாதவரிடம் விட்டுவிட்டு, ஆரஞ்சு வாரும் தானுமாகத் தெருமுனை மருந்துக்கடை வாசலில் நின்றார் கடைக்காரர். போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கிருந்து பார்த்தபோது, தன் கடை வாசலில் ஒருவர் தனக்காகக் கையாட்டுவது அவருக்கு என்னவோ போலிருந்தது.

"கூட்டத்துலயும் தெரியும்," என்றார் பெரியவர், திருப்தியாக.

கடைக்காரர், பாதிக்கு இறங்கி வரலாம் என்ற கணக்கில் விலையை ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னார். பெரியவர் மறுபேச்சில்லாமல் பையில் கை விட்டார். பேரம் பேசாமல் வாங்கினால் எந்த வியாபாரிக்கு மனசு ஆறும்? பாதியை அவரே குறைத்துக்கொண்டார்.

ஆரஞ்சு வாரைக் கேமராவில் பூட்டும்போதுதான் கவனித்தார். பழைய பிலிம் கேமரா. பின்மூடி உடைந்து ரப்பர் பேண்டில் நின்றது. உள்ளே பிலிம் இல்லை.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. குதிரை செத்துப்போச்சு, நீங்க சேணம் வாங்கறீங்க."

"தெரியும். ஆனா இது கழுத்துல இல்லாம வாசப்படி தாண்டறதில்ல. நாப்பது வருஷப் பழக்கம்." பெரியவர் கொஞ்சம் தயங்கினார். "கடைசியா ஒரு உதவி. பெல்ட்டுல, வெளியில தெரியற மாதிரி, என் போன் நம்பரைப் பெரிசா எழுதித் தர முடியுமா?"

துணியில் எழுதும் பேனா இருந்தது. அழியாத மை. எண்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே கடைக்காரர் சொன்னார்: "கேமராவை எடுத்துட்டுப் போறவன் நம்பரைப் பாத்து உங்களுக்குப் போன் பண்ணுவான்னு நினைக்கிறீங்களா?"

"கேமரா போனா போகட்டும் தம்பி. அது ஒண்ணைத்தான் அவ இன்னும் மறக்கல, அதை மாட்டிக்கிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பிடறா," என்றார் பெரியவர். "நம்பருக்குப் பக்கத்துல 'கணவர்'னு எழுதிடுங்க. அவளைக் கேட்டா, எனக்குக் கல்யாணமே ஆகலைன்னு சொல்லிடறா."