கணித விழாவுக்கு ஒரு விருந்தினர்

“இந்த வெப்சைட்டை எழுதறவருக்கு உடனே ஒரு மெயில் போடணும்மா. நான் சொல்றேன், நீ என் ஐடியிலேருந்து அடி” என்றபடி கோதை டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்த பிரவுசிங் சென்டரில் சாயங்காலக் கூட்டம் இன்னும் சேரவில்லை. அங்கே வேலை பார்க்கும் அன்பரசி கீபோர்டைத் தன் பக்கம் நகர்த்தினாள்.

“இன்னா எழுதணும் டீச்சர்?”

“கணக்கோட வரலாற்றைப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்க எவ்வளவோ தேடினேன். எல்லாம் இங்கிலீஷ். இவர் ஒருத்தர்தான் தமிழ்ல எழுதறார். சைபர் எப்படி வந்ததுன்னு இவர் எழுதினதை வச்சுத்தான் மாமல்லபுரத்துல நடந்த டீச்சர்ஸ் பயிற்சியில பாடம் நடத்தினேன். அத்தனை பேரும் கை தட்டினா!”

அந்தக் கைதட்டல் டீச்சரின் முகத்தில் இன்னும் மிச்சமிருந்தது.

“கணக்கே வராத குழந்தைக்கும் புரியும். ரிட்டயர்ட் புரொபசரா இருக்கும். பேர்கூடப் போடலை, மெயில் முகவரி மட்டும்தான். என்ன அடக்கம் பாரு! எங்க பள்ளிக்கூடக் கணித விழாவுக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். கட்டாயம் வரணும்னு போடு.”

அன்பரசி பாதி அடித்திருந்தாள். அழித்துவிட்டு மறுபடி அடித்தாள்.

“எங்கியாவது தூரத்துல கீறாரோ இன்னாவோ. வருவாரா டீச்சர்?”

“வராம? மாலை போட்டு மேடையில உட்கார வைக்கப் போறோம்! ஆமா, இவ்வளவு நன்னா தமிழ் அடிக்கறியே, எதுவரைக்கும் படிச்சே?”

“ஒம்போதாவது.”

“அடடா, ஏன் நிறுத்திட்டே?”

“நான் நிறுத்தலீங்க டீச்சர்.”

டீச்சர் அதைக் காதில் வாங்கவில்லை. மெயில் போய்விட்டதா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோயில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அன்பரசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தன்னுடைய மெயிலைத் திறந்தாள். சற்று முன் அவளே அடித்த அழைப்பு அங்கே வந்து சேர்ந்திருந்தது.

பதில் எழுதினாள்: “வணக்கம் டீச்சர். என்னால் வர இயலாது. பத்தாம் வகுப்பில் உங்கள் பள்ளிக்கு நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டுமென்று, ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணுக்கு ஒன்பதாவதோடு டி.சி. கொடுத்து அனுப்பினீர்கள். அந்த வாசலுக்குள் நுழைய அவளுக்கு இன்னும் கால் வரவில்லை.”