ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த கார்

"ஏனுங்க சார், ஒரு வாரம் ஓட்டிப் பாத்தீங்களே, எலெக்ட்ரிக் கார் எப்படிங்க இருக்குது?" என்று ஆவலாகக் கேட்டான் விற்பனையாளன் சிவக்குமார்.

"கொண்டை ஊசி வளைவெல்லாம் அலுங்காம ஏறுதுங்க. சேலத்துக்கு எறங்குறப்ப பேட்டரில சார்ஜ் ஏறவே செய்யுது," என்றார் ஜேசுதாஸ்.

"காப்பி மூட்டை ரெண்டு போட்டும் டிக்கில எடமிருக்குதுங்க," என்றாள் அவர் மனைவி லூர்துசெல்வி. "நான் வெள்ளக்கடை ஸ்கூலுக்குப் பாடம் நடத்தப் போயிட்டு வர, எங்க ஜீப்பை விட நொம்ப சுளுவு."

"முக்கியமா, சத்தமே இல்லீங்க பாருங்க!" என்றான் சிவக்குமார். " வாசல்ல வந்து நின்னாக்கூட ஊட்டுக்குள்ள தெரியாது. அப்ப புக் பண்ணிரலாங்களா?"

"வேண்டாங்க," என்றாள் செல்வி பட்டென்று.

கணவர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தாள். இந்தக் காருக்காக ஒற்றைக் காலில் நின்றவர் அவர்தான். அவரோ, "ஆமாங்க, பழைய ஜீப்பே போதும்," என்று முடித்துவிட்டார்.

சிவக்குமார் தலையைச் சொறிந்தபடி காரை எடுத்துக்கொண்டு போனான். ஜேசுதாஸும் ஜீப்பில் மஞ்சக்குட்டைக்குக் கிளம்பினார்.

ஜீப்பின் உறுமல் வளைவு தாண்டி ஓய்ந்ததும் செல்வி நிம்மதியாக அரிசி டப்பாவைத் திறந்தாள். இருவருக்கும் சர்க்கரை என்று டாக்டர் இனிப்பை அடியோடு நிறுத்தியிருந்தார். ஆனால் என்ன, ஜீப் திரும்பி வந்தால் தூரத்திலேயே கேட்டுவிடும், ஒளித்துவிடலாம். அரிசிக்குள் புதைத்து வைத்திருந்த மைசூர்பாகுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

பாதியைக் காணோம்.

நேற்று அவள் அந்தக் காரில் வந்து இறங்கியபோது, கேட்டதற்கெல்லாம் அவர் ஏன் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார் என்பது இப்போதுதான் விளங்கியது.