வாய்க்கால்கரை அணைந்தால்

மின்னல் வெட்டியது. கூடத்திலிருந்து அவள் கணவர் எண்ணத் தொடங்கிவிட்டார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் விரல் போனுக்கு மேல் நின்றது. எழுதி முடித்த அறிவிப்பு திரையில் இருந்தது.

'வாய்க்கால்கரையை இன்றோடு மூடுகிறேன். எல்லாரும் ஏதாவது பெரிய சர்வருக்கு மாறிக்கொள்ளுங்கள். என்னால் முடியவில்லை.'

நான்கு.

இடித்தது.

ஐந்துக்குள் இடித்தால் வீட்டில் ஒரு ப்ளக்கும் சுவரில் இருக்கக்கூடாது. அவர் போட்ட சட்டம். ஒரு டிவியையும் ஒரு மோட்டாரையும் இடிக்குப் பறிகொடுத்த மனிதர். ஓடி வந்து பீரோவுக்குப் பக்கத்திலிருந்த ப்ளக்கைப் பிடுங்கினார்.

"தப்பிச்சோம்ளா" என்றார்.

பீரோவின் மேல், பாட்டரி செத்த பழைய லேப்டாப்பின் பச்சை விளக்கு அணைந்தது. ஊர்க்காரர்கள் இணையத்தில் கூடிப் பேசும் வாய்க்கால்கரை என்பது அவ்வளவுதான். அந்த லேப்டாப்தான் சர்வர்.

அறிவிப்பு போகவில்லை.

அறுபத்து மூன்று பேர் அதில் இருந்தார்கள். ஓசூரில், மஸ்கட்டில், எங்கெங்கோ. எல்லாரும் அம்பாசமுத்திரத்துப் பிள்ளைகள். முன்பு அவர்கள் கூடிப் பேசிய பெரிய தளம் ஒருநாள் குழுவையே துடைத்துப் போட்டது. கல்யாணப் படங்கள், இழவுச் செய்திகள், ஆற்றில் வெள்ளம் வந்த படங்கள், எல்லாம் போயின. ஏன் என்று கேட்க ஒரு முகம்கூட இல்லை.

நம் வீட்டிலேயே வைத்துக்கொள்வோம் என்று சொன்னவள் அவள்தான். இ-சேவை மையத்தில் பதினோரு வருடம் ஊராருக்குச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தவளுக்கு இது பெரிய வித்தையா என்றுதான் இறங்கினாள்.

கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தாங்கும். இடிக்குத்தான் மருந்தில்லை. இந்தச் சித்திரையில் மட்டும் ஒன்பது தடவை அணைந்துவிட்டது.

போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். 'அக்கா, இது வீட்டுல வச்சு நடத்துற காரியமா?'

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்டது.

வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு பச்சையாகி, வீடே தண்ணீருக்கடியில் கிடந்ததுபோல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மாடிகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. அறுபத்து மூன்று பேரும் சொட்டச் சொட்ட உள்ளே வந்து, செருப்பை வாசலில் விட்டு, தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. ஒருவர் துண்டு கேட்டார். இன்னொருவர் லேப்டாப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர்களை எப்படி எழுந்து போகச் சொல்வது?

மழை விட்டது. தரை காய்ந்துதான் இருந்தது.

ப்ளக்கைச் சொருகினாள். எல்லாம் திரும்பி வரப் பதினோரு நிமிடம் பிடித்தது. அறிவிப்பு போனில் அப்படியே காத்திருந்தது. சரி, முடித்துவிடுவோம் என்று விரலை வைக்கப் போனாள்.

அதற்குள் ஒரு குறிப்பு வந்து விழுந்தது.

மூக்காண்டி, ஷார்ஜா. சேர்ந்து ஒன்றரை வருடத்தில் ஒரு வார்த்தை எழுதாத ஆள்.

'அக்கா, எங்கம்மை மாடியில காயப்போட்ட வத்தல் தப்பிச்சிட்டு. அவளுக்குக் காது கேக்காது, இடிச்சாலும் தெரியாது. இங்க ஆபீஸ்ல வாய்க்கால்கரைய எப்பவும் தெறந்தே வச்சிருப்பேன். அது அணைஞ்சா ஊருல மழை. ஒடனே போன் அடிப்பேன். அம்மைக்கு இடுப்புல சொருகுன போன் அதுரும், மாடிக்கு ஓடிருவா. வாய்க்காப் பாலத்துக்கு அந்தால, பச்சை டேங்கு வச்ச வீடு.'

இரண்டு தடவை படித்தாள். எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

பச்சை டேங்க் தெரிந்தது. தினமும் பார்க்கிற மாடிதான். அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அழுகை வந்தது. அடக்கவில்லை, அழுதாள்.

அறிவிப்பை அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

மறுநாள் மதியம் மூன்று மணி. பச்சை டேங்குக்குக் கீழே வெள்ளை வேட்டி விரித்து வத்தல் பிழிந்திருந்தது. வானம் சத்தமில்லாமல் கறுத்துக்கொண்டு வந்தது. மின்னல் இல்லை. இடி இல்லை. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் அவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

லேப்டாப்பில் பச்சை விளக்கு நிதானமாக எரிந்தது. யாரோ மாம்பழப் படம் போட்டிருந்தார்கள். அதற்குள் பத்துப் பேர் பதில் எழுதிவிட்டார்கள். வாய்க்கால்கரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் துளி ஜன்னல் கம்பியில் விழுந்தது.

அவள் பீரோவுக்குப் பக்கத்தில் போய் ப்ளக்கைப் பிடுங்கினாள்.

திரும்பி வந்து ஜன்னலில் நின்று எண்ணத் தொடங்கினாள்.

ஒன்று. இரண்டு.

முப்பத்தாறில் பச்சை டேங்க் வீட்டு மாடிக் கதவு திறந்தது.